நான் விழுந்தால் சுடு

நிவேதா,

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் நீ அனுப்பவேண்டிய போட்டிப் படிவத்தில் இரண்டாவது ஆட்டக்காரர் என்று ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் என் பெயரை எழுதாதே. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மீதியெல்லாம் அதற்கான காரணமும், நான் பக்கத்தில் இல்லாமல் நீ எப்படிச் சண்டை போடவேண்டும் என்பதற்கான குறிப்புகளும்தான். சுருக்கமாக முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் உனக்குத் தெரியும், உன் சித்தப்பன் குடிக்கத் தண்ணீர் கேட்டாலே நாலு பக்கம் ஓடும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன செவ்வாய்க்கிழமை சொல்லத்தான் பார்த்தேன். "சித்தப்பா, வேற பேச்சே கெடையாது, ஒங்க பேரத்தான் போடப் போறேன்" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டாய். எழுத்தை யாரும் கட் பண்ண முடியாது. அதுவும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அறுபத்தொரு உறவினர்கள் பார்க்க, அதில் இருபது பேருக்கு என்ன ஆட்டம், என்ன போட்டி என்றே புரியாமல் கைகூப்பும் படம் போட்டுக்கொண்டிருக்க, இதை அனுப்புகிறேன். எதற்கு என்று கேட்டால், சாட்சிக்கு. நீ 'அப்படி ஒரு கடிதமே வரலையே' என்று மறைக்கக்கூடாது. நானும் நாளைக்கு மனசு மாறி 'சும்மா சொன்னேன்மா' என்று பின்வாங்கக்கூடாது. இரண்டாவதுதான் எனக்கு அதிக பயம்.

அண்ணன் மகள் நமக்கும் மகள்தான் என்பது நம்மூர்க் கணக்கு. ஆனாலும் ஒரு மகளுக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று அந்த அறுபத்தொரு பேரில் யாராவது கேட்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் நிவேதாவும் ஐந்து வருடமாகக் 'கடைவளையம்' என்கிற ஆட்டத்தை ஜோடியாக ஆடுகிறோம். அணைந்துபோன ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி வளையல் மாதிரி ஒரு நகரம்; அதற்குள் பைத்தியம் பிடித்த இயந்திரங்கள்; அவற்றை அடித்துத் துவைத்துக்கொண்டே உள்ளே போகவேண்டிய இரண்டு வீரர்கள் நாங்கள். அங்கே என் பெயர் பேரண்டச் சக்கரவர்த்தி. நான் காலை வைத்தால் பதினேழு கிரகங்களில் பால் திரியும். என் பீரங்கி ஒருமுறை இருமினால் தாமல் ஏரி அலையடிக்கும், முசரவாக்கத்தில் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொள்ளும். இப்பேர்ப்பட்டவன் முதல் நாள் என்ன செய்தான் தெரியுமா? நீ வாங்கிவந்த அந்தக் கறுப்பு ஆட்டப்பெட்டியின் சத்தம் தாங்காமல், கணினியில் புடவைப் பூ வரைந்துகொண்டிருந்த நான் எழுந்துவந்து உன்னைத் திட்டினேன். "திட்டறத விட்டுட்டு ஒரு தபா புடிச்சிப் பாருங்க" என்று கண்ட்ரோலரைக் கையில் திணித்தாய். ஒரு மணி நேரம் ஒரே சுவரைப் பார்த்து நடந்தேன். நான் தள்ளிய தள்ளில் அந்த விண்வெளி நகரமே இரண்டடி நகர்ந்திருக்கும். நீ தரையில் உருண்டு சிரித்தாய். எனக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தவள் நீ. இனி நான் சொல்லப்போவதெல்லாம் உன்னிடம் வாங்கியதை உனக்கே திருப்பித் தருவதுதான், கொஞ்சம் என் பங்குக்கு உப்பு சேர்த்து.

இந்தப் போட்டி உனக்கு என்ன என்று எனக்குத் தெரியும். ஜெயிக்கிற ஜோடியிலிருந்து பெங்களூர் அணி ஆள் எடுக்கிறது, ஒரு வருடம் பயிற்சி, சம்பளம். ஜோடியில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் அணிக்கு எடுப்பது இருபத்தாறு வயது வரைக்கும்தான். உனக்கு இப்போது இருபத்தாறு. ஓசூரில் நாள் முழுக்கச் செல்போன் திரைகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அறைக்கு வந்து இன்னொரு திரை முன்னால் உட்கார்ந்து நீ பழகுவது இந்த ஒரு வாய்ப்புக்காக. இன்னொரு வருடம் கிடையாது. அதனால்தான் விளையாட்டாக எழுதிக்கொண்டே விளையாட்டில்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

முதலில் உன் வீராங்கனையின் உடம்பு. அவளை நாம் தப்பாக வளர்த்துவிட்டோம், நிவே. நாம் என்றால் நான். ஆரம்பத்தில் உனக்குத் திறன் புள்ளிகள் கிடைத்தபோது கொஞ்சம் கவசத்தில் போடலாமா என்று கேட்டாய். "கவசத்துக்குத்தான் நான் இருக்கேனேமா, நீ எல்லாத்தயும் அடியிலயே போடு" என்றேன். போட்டாய். இன்றைக்கு உன் வீராங்கனை அடித்தால் மலை பொடியாகும். ஆனால் யாராவது பலமாகத் தும்மினால் விழுந்துவிடுவாள். பின்னால் ஒருவன் கவசத்தை ஒட்டவைக்கும் கருவியோடு நின்றால்தான் அவளால் நிற்கமுடியும். அந்த ஒருவன் நானாக இருந்தேன். எனக்கு அதில் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைக்கு நீ செலவு செய்திருக்கிறாய்.

ஆகவே போட்டிக்கு முன்னால் புள்ளிகள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் புதிதாகப் பங்கிடு. அந்த வசதியைக் கடைசிச் சண்டைக்கு என்று பொத்திவைத்திருக்கிறாய். அந்தக் கடைசி இதுதான். எல்லாக் கிளையிலும் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்காதே. ஒரு கிளையில் இருபத்தைந்து புள்ளி சேர்ந்தால்தான் அதன் பெரிய திறமை திறக்கும். இருபத்துநாலில் நிற்பதும் பத்தில் நிற்பதும் ஒன்றுதான். உன் வெப்பத் துப்பாக்கிக் கிளையை இருபத்தைந்தோடு நிறுத்து, அதற்குமேல் ஒரு புள்ளிகூடப் போடாதே. அடுத்த இருபத்தைந்தும் 'அடித்தால் ஆறும்' கிளைக்கு. எதிரியை அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் உன் காயம் கொஞ்சம் ஆறும். யாரும் வந்து உன்னை ஒட்டவைக்க வேண்டாம்; நீ சண்டை போடுகிற வரைக்கும் உயிரோடு இருப்பாய். மிச்சத்தில் ஒரே ஒரு புள்ளி, எறிந்து மாட்டித் தாவும் கொக்கிக் கயிற்றுக்கு. ஒன்று போதும், தூரத்துக்கு ஆசைப்படாதே.

அப்புறம் அந்தப் பதக்கங்கள். அடியின் பலத்தைக் கூட்டும் பதக்கம் மூன்று மாட்டலாம் என்றதும் ஒரே வகையில் மூன்றை மாட்டிவைத்திருக்கிறாய். இது நான் போன மாதம்தான் கண்டுபிடித்தது, கேள். ஒரே வகைப் பதக்கங்கள் ஒன்றோடொன்று கூடும், அவ்வளவுதான். வேறு வேறு வகையாக இருந்தால் ஒன்றை ஒன்று பெருக்கும். கோயில் இட்லியில் மிளகுக்கு மேல் மிளகாகக் கொட்டினால் நாக்குதான் எரியும். மிளகு, சீரகம், சுக்கு மூன்றும் அளவாகச் சேர்ந்தால்தான் அதை மந்தாரை இலையில் வாங்கிக்கொண்டு போகிறவன் வீடு போகும்முன் தின்று முடிக்கிறான். ஒன்று பலத்துக்கு, ஒன்று பலவீன இடத்தில் படும் அடிக்கு, ஒன்று எதிரி தடுமாறும்போது விழும் அடிக்கு. மாற்றிப் பார். முதல் அடியிலேயே நீ நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவாய். நான் எழுந்து, தலை மின்விசிறியில் இடித்து, மின்விசிறி வளைந்தது. என் தலைக்கு ஒன்றும் இல்லை.

அடுத்தது சண்டை. உனக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்: பின்னால் பாய்கிறாய். பெரிய எதிரி கையை ஓங்கினால் யாருக்குமே பின்னால் போகத்தான் தோன்றும். ஆனால் பாய்ச்சலின் முதல் துளி நேரத்தில் உன்மேல் எந்த அடியும் படாது என்பது ஆட்டத்தின் விதி. அந்தத் துளி நேரத்தில் நீ அவன் கைக்குள்ளேயே புகுந்து, ஆயுதம் இல்லாத தோள் பக்கமாக வெளியே வந்தால் அவன் முதுகு உன்னுடையது. பின்னால் பாய்ந்தால் அவனுடைய இரண்டாவது அடி சரியாக நீ இறங்குகிற இடத்தில் வந்து விழும். கையைப் பார்க்காதே, தோளைப் பார். தோள் எப்போதும் கைக்கு முன்னால் கிளம்பிவிடும். துப்பாக்கி சூடாகிச் சிவப்பாகும்வரை அழுத்திக்கொண்டே இருக்காதே. முக்கால் சூட்டில் விட்டுவிட்டு, சூடு காட்டும் பட்டையில் ஓடும் அந்த வெள்ளைக் கோடு நடுவில் வரும்போது ஆவியைத் திற. பாதி நேரத்தில் ஆறிவிடும். எதிரியைச் சுற்றி நீல ஒளி இருக்கிறவரை மின்கதிர், ஒளி உடைந்து இரும்பு தெரிந்ததும் குண்டு. இதை மாற்றிச் செய்தால், மழைக்கோட்டு போட்டவனைக் குளிப்பாட்டுவது மாதிரி.

சின்ன இயந்திரங்கள் கூட்டமாக வரும்போது நடுவில் நின்று வீரம் காட்டவேண்டாம். வைகாசி கருட சேவைக் கூட்டத்தில் எவனாவது எதிரே போய் ஜெயித்திருக்கிறானா? சுவரை ஒட்டி, பக்கவாட்டில், கூட்டம் இழுக்கிற பக்கமே நழுவிப் போகவேண்டும், கூட்டமே வரிசையாகிவிடும். வரிசையானதும் ஊடுருவும் குண்டு ஒன்று போதும். போன வாரம் நான் ஒரே குண்டில் நாற்பதாயிரம் இயந்திரங்களைச் சாய்த்தேன். சரி, ஒன்பது.

இதுவரை எழுதியது எளிது. இனிதான் கை தயங்குகிறது.

ஆயுத பூஜையன்று நான் உன் கண்ட்ரோலருக்குச் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. தறிக்கு வைத்தோம், என் கணினிக்கு வைத்தோம், உன் அப்பாவின் வண்டிக்கு வைத்தோம். நீ சண்டை போடும் ஆயுதத்தை எப்படி விடுவது? அதுவும் ஒன்றா, ஆளை நடத்தும் இரண்டு குச்சிக்கும் இரண்டு பொட்டு. மறுநாள் நீ போட்ட கூச்சல் ஓரிக்கைப் பாலத்தைத் தாண்டிக் கேட்டது.

"சித்தப்பா! கண்ட்ரோலருக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"ஆயுதம்தானேமா?"

"குச்சிக்குள்ளல்லாம் குங்குமம் பூந்துக்கினு இருக்குது! பாருங்க, ஆளு தானா லெஃப்ட்ல நடந்துக்கினே போறா!"

"அம்மன் கோயிலு அந்தப் பக்கம்தான், அதான் போறா."

நீ சிரிக்கவில்லை. அதைக் கழற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு முழுச் சாயங்காலம் சுத்தம் செய்தாய். அதற்குப் பிறகு அந்தக் கண்ட்ரோலரில் ஒரு குறையும் இல்லை. இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்: ஒரு குறையும் இல்லை.

போன வருடம் சென்னையில் நடந்த தகுதிச் சுற்று. கடைசி எதிரியிடம் வந்துவிட்டோம். எவ்வளவு செய்தாலும் முகம் மலராமல் குறை சொல்லிக்கொண்டே நிற்பதால் அவனுக்குச் சம்பந்தி என்று நாம் பெயர் வைத்திருந்தோம். அவனுடைய உயிர்க்கோடு என் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் குறைந்துவிட்டது. உன் கவசம் உடைந்தது, நீ விழுந்தாய். நம்மில் ஒருவர் விழுந்ததும் சம்பந்தி என்ன செய்வான் என்று நமக்கு நன்றாகத் தெரியும்: கையிரண்டையும் விரித்து, நெஞ்சைத் திறந்து கொக்கரிப்பான். அந்த நெஞ்சுக்குள் சிவப்பாக எரிவதுதான் அவனுடைய உயிர். நாலு விநாடி திறந்திருக்கும். விழுந்தவரை எழுப்ப ஐந்து விநாடி ஆகும். என் பீரங்கி நிரம்பி இருந்தது. ஒரு குண்டு போதும். மூன்று வயதுக் குழந்தைகூடக் கணக்குப் போட்டுச் சுட்டிருக்கும்.

நான் சுடவில்லை. ஓடிவந்து உன் பக்கத்தில் குனிந்து எழுப்ப ஆரம்பித்தேன். நாலாவது விநாடியில் அவன் நெஞ்சு மூடியது. ஐந்தாவது விநாடியில் அவன் சம்மட்டி நம் இருவர் மேலும் இறங்கியது.

"ஏன் சித்தப்பா சுடல?" என்றாய். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கண்ட்ரோலர்மா. சுடலாம்னு திருப்பறேன், லெஃப்ட்ல இழுத்துக்கினு போயிடுச்சி. அந்தக் குங்குமம்தான்."

நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "நான்தான் வேற கண்ட்ரோலர் வாங்கி வெச்சிருக்கணும், சாரி சித்தப்பா" என்றாய். உனக்கு நான் செய்த துரோகம் சுடாமல் விட்டது இல்லை, நிவே. உன்னிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டேனே, அதுதான். எழுதிவிட்டேன். அறுபத்தொரு பேரும் படித்துக்கொள்ளட்டும்.

உன் அப்பனை ஏமாற்ற முடியவில்லை. ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ முன் சீட்டில் தூங்கிவிட்டாய். வேர்க்கடலையை உரித்துத் தோலை என் மடியில் போட்டுக்கொண்டே சொன்னான்:

"கண்ட்ரோலர் ஒண்ணும் ஆவல. நீ இழ சேக்கப் போயிட்ட."

"இன்னாண்ணே சொல்ற?"

"இழ அறுந்துச்சி, தறிய நிறுத்திட்டுச் சேக்கப் போயிட்ட. தறி நின்னுது. அவன் நிக்கலயே."

நெய்யாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன். நம்மூர்ப் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். அதைக் கோர்த்து நெய்ய ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாவை எறிவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் கரைக்கான நாடாவை எறியவேண்டும். அந்தப் பக்கத்து ஆளாக உன் அப்பனோடு நான் பதினோரு வருடம் உட்கார்ந்தேன். அந்த வேலைக்கு இரண்டே சட்டம். ஒன்று, அவர் நாடா போன பிறகுதான் உன் நாடா. இரண்டு, எங்கே ஓர் இழை அறுந்தாலும் எல்லாவற்றையும் நிறுத்து, சேர், அப்புறம்தான் மேலே. தெரிந்தே ஓட்டினால் புடவை நெடுக ஒரு கோடு விழும். அந்தப் பதினோரு வருடமும் என் கை யோசிக்காமல் செய்த வேலை இது. நல்ல வேலைதான், உன் அப்பன் இன்றைக்கும் அப்படித்தான் நெய்கிறான், நெய்யவும் வேண்டும். ஆனால் தறியில் எதிரி கிடையாது. நாம் நிறுத்தினால் அதுவும் நிற்கும். சம்பந்தி நம் இழை சேரும்வரை காத்திருக்கமாட்டான்.

திருத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன். உனக்குத் தெரியாமல் எட்டு மாதம் பழகினேன். இணையத்தில், போட்டியைவிட எளிதான அளவில், முன்பின் தெரியாதவர்களோடு ஜோடி சேர்ந்து, அவர்கள் விழும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டேன். ஜம்மென்று சுட்டேன். பிணங்களின் மேல் கூத்தாடினேன். சரி, வென்றுவிட்டோம் இந்த வியாதியை என்று நினைத்து, போன தீபாவளிக்கு நீ வந்தபோது உன்னோடு ஆடினேன். ஆறு தடவை விழுந்தாய். ஆறு தடவையும் ஓடிவந்து எழுப்பினேன். நீ அதைக் கவனிக்கவே இல்லை. உனக்கு அது பழகிவிட்டது. மற்றவன் விழுந்தால் என்னால் சுடமுடிகிறது. நீ விழுந்தால் முடியவில்லை. இது இனி மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாறவேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்படிப்பட்டவன் உன் படிவத்தில் இருக்கக்கூடாது.

குறையை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கினால் நான் என்ன சக்கரவர்த்தி? உனக்கு ஆள் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கறாராகப் பார்த்தேன். ஜாதகம், குலம், கோத்திரம் எதுவும் இல்லை. ஒரே ஒரு பரீட்சை. சம்பந்தியின் முன்னால் போய், அவன் கடைசி மூச்சில் இருக்கும்போது, வேண்டுமென்றே விழுவேன். என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பேன். முதலில் முசரவாக்கத்துக் கல்லூரிப் பையன். தங்கமான பிள்ளை. நான் விழுந்ததும் அலறிக்கொண்டு ஓடிவந்து எழுப்பினான், இரண்டு பேரும் செத்தோம். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, அனுப்பிவிட்டேன். அடுத்து ஓரிக்கையில் செல்போன் கடை வைத்திருப்பவர். நான் விழுந்ததும் ஹெட்செட்டில், "அங்கிள், இப்ப இன்னா பண்ணட்டும்? சுடட்டுமா, தூக்கட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் நெஞ்சு மூடிவிட்டது.

மூன்றாவது ஷாஹினா. நாம் ஜரிகை வாங்கும் கடைக்காரரின் பெண், வயது இருபத்திரண்டு. கடையில் அவள் வேலை ஜரிகையைக் கல்லில் உரைத்துப் பார்த்துச் சொல்வது. நல்லதென்றால் நல்லது, இல்லையென்றால் கொண்டுவந்தவர் சொந்தப் பெரியப்பாவாக இருந்தாலும் முகத்துக்கு நேரே "இது ஆவாது" என்று தள்ளிவிடுவாள். போன மாதம் கடைக்குப் போனபோது மேசைக்கு அடியில் போனை வைத்துக் கடைவளையம் ஆடிக்கொண்டிருந்தாள். "நானும் ஆடுவேம்மா" என்றேன். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "நீங்களா சாச்சா?" என்றாள், சித்தப்பாவுக்கு அவர்கள் வீட்டில் சொல்லும் சொல்லில். அதில் இருந்த சந்தேகத்தை எடைபோட்டால் இரண்டு மூட்டை தேறும்.

ஜோடியாக ஆட ஆரம்பித்த பத்தாவது நிமிடமே கேட்டுவிட்டாள்: "சாச்சா, நீங்க ஏன் எம் பின்னாடியே வந்துக்கினு இருக்கீங்க? எனக்கு ஒண்ணும் ஆவாது. நீங்க அந்தப் பக்கம் போயி அடிங்க."

படிவத்தில் நீ எழுதவேண்டிய பெயர் இவளுடையதுதான். இவளோடு ஆடும்போது உனக்குச் சில விஷயங்கள் புதிதாக இருக்கும். அவள் உன் கவசத்தைப் பார்க்கமாட்டாள். அதனால்தான் 'அடித்தால் ஆறும்' கிளையை அவ்வளவு அழுத்திச் சொன்னேன். அவள் இடது பக்கமாகத்தான் சுற்றுவாள்; நீ வலது பக்கத்தை எடுத்துக்கொண்டால் சம்பந்தி யாரைப் பார்ப்பது என்று திணறுவான். எதிரி தடுமாறும்வரை சின்ன அடியாக அவள் அடித்துக்கொண்டே இருப்பாள், பெரிய அடியை எடுக்கமாட்டாள். தடுமாறிய அந்தக் கணத்துக்கென்று உன் பெரிய அடியைச் சேமித்து வை. பேசமாட்டாள். நீயும் நிறையப் பேசாதே. "விழுந்துட்டேன்" என்று சொல்லக்கூட வேண்டாம், அவளுக்குத் தெரியும். அவள் விழுந்தால் நீயும் அதைத்தான் செய்யவேண்டும்: முதலில் அவன் நெஞ்சு, அப்புறம் அவள். நீ செய்வாயா என்று எனக்குச் சந்தேகமே இல்லை. இழை சேர்க்கிற வேலையை உன்னை நாங்கள் யாரும் செய்யவிட்டதில்லை.

பரீட்சையை நேற்று மதியம் அவளுக்கும் வைத்தேன். போட்டியில் வருகிற அதே கடினமான அளவில். சம்பந்தியின் உயிர்க்கோடு மயிரிழையில் இருக்கும்போது, அவன் சம்மட்டிக்கு நேரே போய் நின்று, பதினெட்டு உலகங்களும் அழுது அரற்றும்படி விழுந்தேன். அவன் கையை விரித்து நெஞ்சைத் திறந்தான். ஷாஹினா ஓடிவந்தாள். ஐயோ, இவளுமா என்று நினைத்தேன். அவள் என்னை எழுப்ப வரவில்லை. என் மார்பின் மேல் ஏறி நின்றாள். அந்த நெஞ்சு கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது, குறி பார்க்க ஒரு படி வேண்டும், அதற்கு நான் சரியான உயரமாம். ஒரே குண்டு.

இறந்து கிடப்பவனுக்கு வேலை இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி முழங்காலில் விழுந்தான், அப்புறம் முகம் குப்புற விழுந்தான். அவனுக்குப் பின்னால் இருந்த சுவர் மெதுவாக இரண்டாகப் பிளந்து விலகியது. உள்ளே ஒரு நீளமான வழி, அதன் முடிவில் வெள்ளையாக ஏதோ ஒளி. ஐந்து வருடமாக அந்தச் சுவரை முட்டிக்கொண்டிருக்கிறேன், போட்டியின் கடின அளவில் அவனைச் சாய்த்தால் அது ஒரு கதவு என்று எனக்கு நேற்றுதான் தெரியும். கதவு ரொம்ப நேரம் திறந்திருக்காது போல. மேலே எண்கள் குறைந்துகொண்டே வந்தன.

ஷாஹினா வாசலில் நின்று என் பக்கம் திரும்பினாள்.

"சாச்சா, ஒங்கள எழுப்பட்டா, இல்ல நா உள்ள போவட்டா?"

"நீ போம்மா" என்றேன்.

ஒரு விநாடிகூடத் தயங்காமல் போனாள். உனக்கும் என் பதில் அதுதான்.

உன் சித்தப்பா